வீடு உங்கள் பேரில் வந்தால் வேறு என்னவெல்லாம் உங்கள் பேரில் வரும்?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராயிலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். வயது 56. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர், பிறகு தொழிற்சாலையில் வேலை. ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்துவிட்டார். அதில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் மாதம் 700 வெள்ளி (ரிங்கிட்) வரும் என்று ஏஜென்ட் சொல்கிறாராம். கண் முன்னால் இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று ஏலத்துக்கு வரும் ஒற்றை மாடி வரிசை வீடு. இன்னொன்று பழைய தோட்ட நிலத்தில் ஒரு பங்கு, அதில் கட்டிய வீட்டோடு, ஏறக்குறைய பாதி விலைக்கு. “நாளைக்கு அந்த வீட்டில் ஏதாவது நடந்தால் என்னையும் சேர்த்து இழுப்பார்களா? கம்பெனி திறந்து அதன் பேரில் வாங்கினால் தப்பிக்கலாம் என்று மச்சான் சொல்கிறார், சரியா?” என்பது அவர் கேள்வி.

அண்ணே, நான் வழக்கறிஞர் இல்லை. கூலிமில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நிலப் பத்திரங்கள் பார்க்கும் கிராணி. 22 வருடமாக இதே வேலை. லூனாஸில் எனக்கும் ஒரு வாடகை வீடு இருக்கிறது. அதனால் காகிதத்திலும் பார்த்திருக்கிறேன், கையைச் சுட்டுக்கொண்டும் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் பயப்படுவது வாடகை வராமல் போவதற்கு. அது வலிக்கும், ஆனால் அதற்கு ஓர் அளவு உண்டு. ஆறு மாதம் வரவில்லை என்றால் 4,200 வெள்ளி, அவ்வளவுதான். அளவில்லாமல் வருவது வேறு. நிலத்தில், மின்சாரக் கணக்கில், வீட்டுக்குள் படுத்திருக்கும் ஆட்கள் விஷயத்தில் எங்கெல்லாம் உங்கள் பேர் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ, ஆபத்து அங்கிருந்துதான் வரும்.

முதலில் கம்பெனி விஷயத்தை முடித்துவிடுகிறேன். மச்சான் பார்த்த வீடியோ வெளிநாட்டுச் சட்டத்தை வைத்துப் பேசியதாக இருக்கலாம். இங்கே ஒரே ஒரு வீட்டுக்காக ஒரு சென்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனி, திறந்தால், வருடா வருடம் செயலாளர் கட்டணம், கணக்கு, ஆண்டறிக்கை என்று செலவு வரும். கடன் வாங்கினால் வங்கி எப்படியும் இயக்குநர்களின் சொந்த ஜாமீனைக் கேட்கும். விற்கும்போதும் கணக்கு வேறு. மலேசியக் குடிமகன் தன் பேரில் வைத்திருந்த வீட்டை ஆறாவது வருடத்தில் விற்றால் சொத்து ஆதாய வரி கிடையாது. கம்பெனி பேரில் இருந்தால் ஆறாவது வருடத்திலும் அதற்குப் பிறகும் ஆதாயத்தில் 10 விழுக்காடு. இன்னொன்றும் உண்டு. அறுந்த ஒயரைத் தெரிந்தே விட்டுவைத்து ஒருவருக்கு ஷாக் அடித்தால், கம்பெனி பேர் இருக்கிறது என்பதற்காக உங்கள் சொந்தக் கவனக்குறைவு மறைந்துவிடாது. பத்து வீடு வைத்திருப்பவருக்குக் கம்பெனி சரிப்படலாம். உங்களுக்கு வேண்டாம்.

இனி அந்தப் பாதி விலை நிலம். இதில்தான் எனக்குக் கவலை.

ஏஜென்டிடம் கிராண் (நில உரிமைப் பத்திரம்) எண்ணை வாங்கி, நில அலுவலகத்தில் அதிகாரப்பூர்வத் தேடல் எடுங்கள், மலாயில் ‘சாரியான் ரஸ்மி’. அவர் கையில் வைத்திருக்கும் ஜெராக்ஸ் போதாது. அது எடுத்த நாளுக்குப் பிறகு யார் கவியட் (பெயர் மாற்றத்தைத் தடுக்கும் பதிவு) போட்டார்கள், எந்த வங்கியில் அடமானம் வைத்தார்கள் என்று அதில் தெரியாது. தேடல் தாள் வந்ததும் விலையை மறந்துவிட்டு நான்கு இடத்தைப் படியுங்கள். நிலத்தின் வகை: ‘பங்குனான்’ என்றால் கட்டடம், ‘பெர்தானியான்’ என்றால் விவசாயம். அடுத்து ‘ஷாராட் ஞாத்தா’: இந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை. அதற்கடுத்து ‘செக்காத்தான் கெபெந்திங்கான்’: மாநில அரசின் அனுமதி இல்லாமல் பெயர் மாற்றவோ அடமானம் வைக்கவோ முடியாது என்பது போன்ற தடைகள் இங்கேதான் இருக்கும், மலிவு விலை வீடுகளில் அடிக்கடி பார்க்கலாம். கடைசியாக, ‘ரிசாப் மெலாயு’ என்ற குறிப்பு இருக்கிறதா. கெடாவில் மலாய் ஒதுக்கீட்டு நிலத்துக்கு 1931ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. அந்தக் குறிப்பு இருந்தால் நம் பேருக்கு அது மாறாது. நண்பர் பேரில் வாங்கி வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய தோட்ட நிலத்தில் ‘பங்கு’ என்று விற்பது பெரும்பாலும் பிரிக்கப்படாத பங்கு. கிராணில் உங்கள் பேர் இருக்கும், பக்கத்தில் இருபதில் ஒரு பாகம் என்றும் இருக்கும். ஆனால் எந்த இருபதில் ஒன்று என்று எங்கேயும் இருக்காது. வேலி போட்டுக் காட்டுவார்கள், அது ஆட்களுக்குள் பேசிக்கொண்ட வேலி. மற்ற பங்காளி ஒருவர் கடன்பட்டால், ஒருவர் இறந்து வாரிசுகள் சண்டை போட்டால், உங்கள் வீடும் அதே கிராணுக்குள் மாட்டிக்கொள்ளும். விவசாய நிலத்தில் வரிசையாக வாடகை வீடு கட்டியிருந்தால் அது நிபந்தனை மீறல். நில அலுவலகம் நோட்டீஸ் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லலாம், முடிவில் நிலத்தையே பறிமுதல் செய்யவும் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த நோட்டீஸ் வாடகைக்கு இருப்பவருக்கு வராது, கிராணில் பேர் உள்ளவருக்குத்தான் வரும்.

தோட்டம் பெரியதாக இருந்தால் இன்னும் ஒரு வேலி உண்டு. ஒன்றையொன்று ஒட்டிய விவசாய நிலம் 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர், அல்லது அதற்கு மேல் இருந்தால் தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவுப்படி, தோட்ட நில வாரியத்தின் அனுமதி இல்லாமல் அதைப் பல பேருக்கு மாற்ற முடியாது. இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் நம் ஆட்களின் கண்ணீர் இருக்கிறது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். லயத்தில் இருந்தவர்கள் வேலையும் வீடும் இல்லாமல் தெருவுக்கு வந்தார்கள். அப்போதைய ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறுசிறு சேமிப்பைச் சேர்த்துத் தோட்டம் வாங்கியது அதனால்தான். சங்கம் முதலில் வாங்கிய புக்கிட் சீடிம் நம் கெடாவில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில் வளர்ந்த நாம், ஆளுக்கு ஆள் துண்டு போட்ட நிலத்தைப் பார்க்காமல் வாங்கக்கூடாது அண்ணே. இந்தப் பங்கை விட்டுவிடுங்கள். பாதி விலை என்பது அந்தக் காகிதத்தின் விலை.

ஏல வீடு அப்படியில்லை. கவனமாக இருந்தால் வாங்கலாம். ஆனால் ‘இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்’ என்றுதான் விற்பார்கள். உள்ளே கூரை விழுந்திருந்தாலும் உங்களுடையது, ஆள் இருந்தாலும் அவரை வெளியேற்றுவது உங்கள் வேலை. நில அலுவலகமோ உயர்நீதிமன்றமோ நடத்தும் ஏலத்தில் 10 விழுக்காடு கட்டிவிட்டு 120 நாளுக்குள் மீதியைக் கட்டவேண்டும். கட்டாவிட்டால் அந்த 10 விழுக்காடு போய்விடும். தனிக் கிராண் வராத வீடுகளை வங்கி நேரடியாக ஏலம் விடும். அதற்கு விதிகள் விற்பனைப் பிரகடனத்தில் இருக்கும், வீட்டு வரி பாக்கி யார் கட்டுவது என்பதும் அதிலேயே இருக்கும். ஏலத்துக்கு முன்னால் ஒரு நாள் இரவு ஏழரை மணி போல அந்தப் பக்கம் போய் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பகலில் பூட்டியிருந்த வீட்டில் இரவில் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, வீடு வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அடுத்து மீட்டர்.

என் லூனாஸ் வீட்டில் ஓர் இளைஞர் இருந்தார். ஒன்றாம் தேதி தவறாமல் பணம் போடுவார். மின்சாரக் கணக்கு என் பேரிலேயே இருந்தது, பில் என் கைபேசிக்கு வரும், அவர் கட்டிவிடுவார். இரண்டு ஏர்கோன் ஓடுகிற வீட்டுக்கு 38 வெள்ளி வந்தது. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும், சிக்கனமான பையன் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் ஆய்வுக்கு வந்தவர்கள் மீட்டர் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். சீல் கம்பி அறுத்து மறுபடி முறுக்கப்பட்டிருந்தது. பெட்டிக்குப் பின்னால், சுவருக்குள், என் சுண்டுவிரல் தடிமனில் ஒரு கறுப்பு ஒயர் மீட்டரைத் தொடாமலேயே உள்ளே போயிருந்தது. அதைப் பூசி வெள்ளையும் அடித்திருந்தார்கள். 9,400 வெள்ளிக்குக் கோரிக்கைக் கடிதம் என் பேரில் வந்தது. பையன் அதற்குள் போய்விட்டார். 1990ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டத்தின்படி, இழந்த வருமானத்தைப் பதிவு செய்த பயனீட்டாளரிடம் கேட்கலாம். யார் ஒயரைத் திருப்பியது என்பது எனக்கும் அந்தப் பையனுக்கும் இடையிலான வழக்கு. தவணையில் கட்டி முடித்தேன்.

அதனால் சாவி கொடுக்கும் முன்னால் மின்சாரக் கம்பெனியான தெனாகா நேஷனலில் உங்கள் கணக்கை மூடி, வாடகைக்காரர் தன் பேரில் திறக்கட்டும். தண்ணீர்க் கணக்கும் அப்படியே. அவருக்குச் சிரமம்தான், டிப்பாசிட் கட்டவேண்டும். அதைத் தட்டிக்கழிப்பவருக்கு வீடு கொடுக்காதீர்கள். சாவி கொடுக்கும் நாளில் மீட்டரையும் சீலையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பிட்காயின் தோண்டுகிற எந்திரங்களை வரிசையாக வைத்து மின்சாரம் திருடுவதற்கென்றே வீடு, கடை எடுப்பவர்களும் நாட்டில் இருக்கிறார்கள். யாரும் குடியிருக்காமல், சன்னலை அடைத்து, நாள் முழுக்க காற்றாடி இரைகிற வீடு என்றால் உடனே போய்ப் பாருங்கள்.

ஆட்கள் விஷயம் இதைவிடப் பெரியது. கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டை 1996இல் திறந்ததிலிருந்து இந்த வட்டாரத்தில் வாடகை வீட்டுக்குத் தேவை குறையவில்லை. தொழிலாளர்களுக்கு மொத்தமாக வீடு எடுக்கும் ஏஜென்ட்கள் வருவார்கள். ஒரே ஓர் ஆளின் பாஸ்போர்ட் நகலைக் காட்டி நூறு வெள்ளி கூடவும் தருவார்கள். எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு மாமா அப்படித்தான் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து தண்ணீர்க் குழாய் பார்க்கப் போனபோது வாசலில் 14 ஜோடி செருப்பு. அதில் பாதி ஒரே மாதிரி நீல ரப்பர்ச் செருப்பு. அவர் எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளேகூடப் போகாமல் நேரே எங்களிடம் வந்தார், நல்ல வேளை.

1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 55இ பிரிவு, அனுமதியில்லாக் குடியேறியைத் தன் பொறுப்பில் உள்ள இடத்தில் தங்கவிடுபவருக்கு, பிடிபடும் ஒவ்வொரு ஆளுக்கும் 5,000 வெள்ளிக்குக் குறையாமல் 30,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. ஆறு பேர் என்றால் குறைந்தபட்சமே 30,000. அடைக்கலம் கொடுத்ததாகக் குற்றம் சாட்டினால் இன்னும் கடுமை. எனக்குத் தெரியாது என்று சொன்னால் மட்டும் போதாது. நீங்கள் விசாரித்தீர்கள், பாஸ்போர்ட்டையும் வேலை அனுமதியையும் பார்த்தீர்கள், அவ்வப்போது போய்ப் பார்த்தீர்கள் என்பதற்குக் காகிதம் வேண்டும். எத்தனை பேர், யார் யார் என்று ஒப்பந்தத்திலேயே பேர் எழுதுங்கள். மேல்வாடகைக்கு விடக்கூடாது என்று எழுதுங்கள்.

கம்பெனியே தொழிலாளர்களுக்காக எடுத்தால், தொழிலாளர் தங்குமிடம் பற்றிய 446ஆம் சட்டத்தின் கீழ் ஆள்பல இலாகாவின் தங்குமிடச் சான்றிதழ் வாங்குவது முதலாளியின் கடமை. அதன் நகலைக் கேளுங்கள். படுக்கை அறையில் ஓர் ஆளுக்கு 3.6 சதுர மீட்டர் இடம் வேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறை 9.3 சதுர மீட்டர்தான், ஆக இரண்டு பேர். அதில் ஆறு பேரைப் படுக்கவைப்பேன் என்பவரிடம் நூறு வெள்ளி கூட வாங்கி என்ன பயன்? நம் அப்பா அம்மாவும் லயத்தில் எட்டு பேர் ஓர் அறையில் படுத்தவர்கள்தான். அதை இன்னொருவர் பிள்ளைக்கு நாம் செய்யக்கூடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒப்பந்தத்தை எழுதி, கையெழுத்தான 30 நாளுக்குள் முத்திரை வரி கட்டுங்கள். முத்திரை இல்லாத தாளை நீதிமன்றத்தில் ஆதாரமாக வைக்க முடியாது. மூன்று வருடத்துக்கு மேல் எழுதாதீர்கள், அதைத் தாண்டினால் குத்தகையாகி நில அலுவலகத்தில் பதிவு செய்யவேண்டும். டிப்பாசிட் இரண்டு மாத வாடகையும், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதமும் இங்கே வழக்கம்.

வாடகை நின்றால் என்ன செய்வது? இதில்தான் நல்ல மனிதர்களும் தவறு செய்கிறார்கள். பூட்டை மாற்றுவது, சாமான்களை வெளியே வைப்பது எதுவும் கூடாது. 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவுப்படி, ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் போகாமல் இருப்பவரைக்கூட நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தும், பூட்டை மாற்றிய அன்றே வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும். செய்யக்கூடியவை: எழுத்தில் நோட்டீஸ். பிறகு, 1951ஆம் ஆண்டு டிஸ்ட்ரெஸ் சட்டத்தின்படி 12 மாதம் வரையிலான பாக்கிக்கு நீதிமன்ற அதிகாரியை வைத்து வீட்டில் உள்ள பொருட்களைக் கைப்பற்றுவது. இது பணத்துக்கு மட்டும், ஆளை வெளியேற்றாது. வீட்டைத் திரும்பப் பெறத் தனி வழக்கு போடவேண்டும். முடிந்த தேதிக்குப் பிறகும் உட்கார்ந்திருந்த நாட்களுக்கு இரட்டிப்பு வாடகை கேட்கச் சிவில் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆள் போய்விட்டார், பாக்கி மட்டும் என்றால் 5,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலேயே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவுக்குப் போகலாம். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். ஆகவே சேமநிதிப் பணம் முழுவதையும் வீட்டில் போடாமல், ஆறு மாத வாடகைக்குச் சமமான தொகையைத் தனியாக வையுங்கள்.

காப்பீட்டில் உங்களுக்கு ஒரு தனி ஆபத்து இருக்கிறது. கடன் வாங்குபவரை வங்கி கட்டாயப்படுத்தித் தீக்காப்பீடு எடுக்கவைக்கும். நீங்கள் கைப்பணத்தில் வாங்குகிறீர்கள், யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். நான் ஞாபகப்படுத்துகிறேன். அடிப்படைத் தீக்காப்பீடு தீ, இடி, வீட்டு எரிவாயு வெடிப்பு, அவ்வளவுதான். வெள்ளம் அதில் இல்லை. 2022 ஜூலையில் பாலிங், குப்பாங் பக்கம் சேறும் மரமுமாக இறங்கிய வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். வெள்ளமும் குழாய் வெடிப்பும் சேர்ந்த ‘ஹவுஸ்ஓனர்’ பாலிசி கேளுங்கள். வாடகைக்கு விடும் வீடு என்று மறைக்காமல் சொல்லுங்கள். வீடு நீண்ட நாள் காலியாகக் கிடந்தால் சில பாதுகாப்பு நின்றுவிடும், பல பாலிசிகளில் அது 90 நாள்.

காப்பீடு இருந்தாலும் உயிர் போனால் திரும்பாது. பழைய வீட்டில் முதல் செலவு சுவருக்குச் சாயமாக இருக்க வேண்டாம், ஒயரிங்காக இருக்கட்டும். குளியலறையில் வாட்டர் ஹீட்டர் இருந்தால் அந்த இணைப்புக்கு 10 மில்லியாம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் வேண்டும். பழைய வீடுகளில் பெரும்பாலும் மொத்த வீட்டுக்கும் சேர்த்து 100 மில்லியாம்பியர் ஒன்றுதான் இருக்கும், ஈரக் கையோடு நிற்கும் ஆளை அது காப்பாற்றாது. பதிவு பெற்ற ஒயர்மேனைக் கூப்பிட்டு, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் எடுத்து வீடு காலியாக இருக்கும் வாரங்களில் பின்பக்கத் தொட்டியையும் கழிவறைத் தொட்டியையும் பாருங்கள், ஏடிஸ் புழு இருந்தால் அபராத நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும்.

வாடகை வருமானத்தை வரிப் பாரத்தில் காட்டவேண்டும். நிலவரி, வீட்டு வரி, காப்பீடு, பழுதுபார்ப்பு ஆகியவற்றைக் கழிக்கலாம். முதல் வாடகைக்காரரைப் பிடிக்க ஏஜென்டுக்குக் கொடுத்ததைக் கழிக்க முடியாது. ரசீதுகளை ஏழு வருடம் வையுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். வீடு உங்கள் பேரில் மட்டும் இருந்து நீங்கள் போய்விட்டால், உயில் இல்லாத பட்சத்தில் 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டப்படி அண்ணிக்கு மூன்றில் ஒரு பாகம், பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பெற்றோர் யாராவது உயிரோடு இருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு, கணக்கு மாறும். பேர் மாறும்வரை வாடகைக்காரர் யாரிடம் பணம் கொடுப்பது என்பதே சண்டையாகும். உங்களுக்குப் பிறகு யாருக்கு என்று சேமநிதியில் நியமனம் செய்திருந்தாலும், அந்தப் பணம் வீடாக மாறியதும் அந்த நியமனம் வீட்டைத் தொடாது. ஆகவே ஏலத்தில் வீடு கிடைத்து, பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட வழக்கறிஞரிடம் போகும் நாளிலேயே அண்ணியையும் கூட்டிக்கொண்டு போய் உயிலையும் எழுதிவிட்டு வாருங்கள். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும், பங்கு பெறுபவர்களும் அவர்களுடைய கணவன் மனைவியும் சாட்சியாக இருக்கக்கூடாது.